ஆய்வாளருக்கு இடமாறுதல் உண்டு, அம்மாவுக்கு இல்லை

(வாசகர் கேள்வி – பதில்)

துப்பறியும் தொடர்களில் நடிகர்கள் மாறுவது குறித்துச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு நான்கு வரிகளில் பதில் சொல்லியிருந்தேன். நான்கு வரி போதாது என்று குடியாத்தம் முதல் அரக்கோணம் வரை பலரும் கடிதம் எழுதியதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். சமையல் குறிப்பு பற்றியும் மாம்பழ விலை பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் மாலையில் ஓடும் குடும்பத் தொடரில் ஒருவர் விலகினால், ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மறுநாளே கதையைத் தொடர்கிறார்கள். என் மகன் பார்க்கும் அமெரிக்கக் குற்றத் தொடர்களில், பழைய போலீஸ்காரரைக் கொன்றோ வேறு ஊருக்கு அனுப்பியோ விட்டு, வேறு பெயரில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். முகத்தை மட்டும் மாற்றினால் போதாதா? (ஒரு வாசகி, குடியாத்தம்)

அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை, அம்மா. குடும்பத் தொடரின் பாத்திரம் உறவுமுறையால் கட்டப்பட்டது. ஒரு மாமியாரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு அதே வீட்டுக்கு இன்னொரு மாமியாரைப் பணியில் அமர்த்த முடியாது. அவரோடு சேர்த்து மகனையும் மருமகளையும் இரண்டாண்டுப் பகையையும் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் பாத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை மாற்றுகிறார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று ஜி. மாரிமுத்து திடீரெனக் காலமானபோது, ‘எதிர்நீச்சல்’ தொடரில் அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அந்த வீட்டிலுள்ள அத்தனை பேரின் அச்சமும் ஆத்திரமும் குணசேகரன் என்ற ஒருவரைச் சுற்றியே பின்னப்பட்டிருந்தபோது, குணசேகரனை நீக்கிவிட்டு எந்தக் கதையைச் சொல்வது?

நம் பக்கத்துக்கு இது புதிதும் அன்று. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு இரவாகப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நேற்று அர்ச்சுனன் வேடம் கட்டியவர் இன்று வேறொருவர் என்பது ஒரு பொருட்டாகத் தோன்றியதே இல்லை. கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து திரைக்குப் பின்னிருந்து பாடி வந்து, கட்டியங்காரன் கேட்கத் தன் பெயரைச் சொல்லிவிட்டால், அவர்தான் அர்ச்சுனன். தொலைக்காட்சியில் வரும் அந்த ஒரு வரி கட்டியங்காரன் வேலையைத்தான் செய்கிறது.

காவல் நிலையத்தின் கதை வேறு. கல்விச் சான்றிதழ் ஒன்று தொலைந்துபோனதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஒரு காவல் நிலையத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆய்வாளரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. அந்த நிலையத்தில் பொறுப்பு வகித்த ஆய்வாளர்களின் பெயர்களை வெள்ளைப் பெயின்ட்டில் வரிசையாக எழுதி, எதிரே ‘முதல்’ என்று ஒரு பத்தியும் ‘வரை’ என்று ஒரு பத்தியும் போட்டிருந்தார்கள். ஒருவர் இரண்டரை ஆண்டு இருந்திருக்கிறார், அவருக்கு அடுத்தவர் நான்கே மாதம். கடைசிப் பெயருக்கு எதிரே ‘வரை’ காலியாக இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். தேர்தல் அறிவிப்பு நெருங்கினால் மூன்றாண்டு ஒரே இடத்தில் இருந்தவர்களை மாற்றிவிடும் நாட்டில், ஆய்வாளர் மாறுவதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. குற்றத் தொடரை எழுதுகிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பலகையைத்தான். நாற்காலியும் வழக்கும் நிலையானவை. பெயர் மட்டும் மாறும். முகத்தை மாற்றிப் பழைய பெயரைச் சொல்வதைவிட, பெயரையே மாற்றுவது அவர்களுக்கு எளிது, நம்பும்படியும் இருக்கிறது.

‘லா அண்ட் ஆர்டர்’ தொடரில் ஆரம்பத்தில் இருந்த ஒருவர்கூடக் கடைசியில் இல்லை என்கிறார்களே, உண்மையா? (ராணிப்பேட்டை வாசகர்)

உண்மை. 1990 செப்டம்பரில் தொடங்கி 2010 மே வரை இருபது சீசன்கள் ஓடிய அமெரிக்கத் தொடர் அது. பிறகு 2022 பிப்ரவரியில் மீண்டும் உயிர்பெற்றது. முதல் சீசனின் ஆறு முதன்மை நடிகர்களில் கடைசியாக எஞ்சியவர் மாவட்ட வழக்கறிஞர் ஆடம் ஷிஃப்பாக நடித்த ஸ்டீவன் ஹில். அவரும் 2000-இல் விலகிவிட்டார். அதற்குப் பிறகு பத்தாண்டுகள், தொடங்கி வைத்தவர்கள் யாருமின்றியே அந்தத் தொடர் நடந்தது.

இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்பேன். முதல் ஆண்டு முடிந்ததுமே மூத்த துப்பறிவாளராக நடித்த ஜார்ஜ் ஸுண்ட்ஸா விலகினார். இரண்டாம் சீசனின் தொடக்கத்திலேயே அவருடைய பாத்திரத்தைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பால் சோர்வினோவைக் கொண்டுவந்தார்கள். அவரும் மூன்றாம் சீசனின் நடுவில் போய்விட, அவர் பாத்திரத்துக்குக் குண்டுக்காயம் ஏற்பட்டு மேசை வேலைக்கு மாறியதாகக் கதை எழுதினார்கள். 1992-இல் அந்த நாற்காலிக்கு மூன்றாவது ஆளாக வந்த ஜெர்ரி ஆர்பாக், லென்னி பிரிஸ்கோ என்ற பெயரில் 2004 வரை அதில் உட்கார்ந்தார். இன்று அந்தத் தொடரை நினைப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் முகம் அவருடையது. முதல் ஆள் போனதுமே சோர்ந்து தொடரை நிறுத்தியிருந்தால், பிரிஸ்கோ என்ற ஒருவர் இருந்திருக்கவே மாட்டார்.

1993-இல் நடந்த மாற்றம் வேறு வகை. தொடரில் பெண்களே இல்லை என்று ஒளிபரப்பிய நிறுவனம் வற்புறுத்தியதால், டான் ஃப்ளோரெக்கும் ரிச்சர்ட் புரூக்ஸும் நீக்கப்பட்டு, எஸ். எபாதா மெர்கர்சனும் ஜில் ஹென்னஸியும் சேர்க்கப்பட்டார்கள். மெர்கர்சன் அதற்குப் பிறகு பதினேழு சீசன்கள் அந்தக் காவல் நிலையத்தின் தலைமையில் இருந்தார். அவரும் ஆர்பாக்கும் அதற்கு முன்பே அதே தொடரில் ஒரே ஒரு எபிசோடுக்கான வேறு வேடங்களில் தலைகாட்டியவர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே வந்து வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள்.

இத்தனையையும் தாங்கியது அந்தத் தொடரின் கட்டமைப்பு. ஒரு மணி நேரத்தில் முதல் பாதி காவல்துறையின் விசாரணை, மறுபாதி நீதிமன்றம். ஒவ்வொரு வாரமும் புது வழக்கு. துப்பறிகிறவர்களின் வீட்டுக்குள் கேமரா போவதே அரிது. வீட்டைக் காட்டினால் மனைவியைக் காட்ட வேண்டும், மனைவியைக் காட்டினால் அவரை மாற்ற முடியாது. அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விலகும் நடிகரின் பாத்திரத்தைக் கொன்றுவிடுவது நல்லதா, அனுப்பி வைப்பது நல்லதா? (ஆம்பூர் வாசகி)

ஒரு முறை கொன்றால் அதிர்ச்சி. மூன்றாம் முறை கொன்றால் பழக்கம். அமெரிக்கக் கடற்படையின் குற்றப் புலனாய்வுக் குழுவைப் பற்றிய ‘என்.சி.ஐ.எஸ்.’ தொடரின் இரண்டாம் சீசன் முடிவில், 2005-இல், கேட் டாட் என்ற அதிகாரியை மொட்டைமாடியில் ஒரே குண்டில் சாய்த்தார்கள். சண்டை முடிந்து, எல்லோரும் மூச்சுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில் குண்டு வருகிறது. மரணம் அப்படித்தான் வரும் என்பதால் அந்தக் காட்சி நிற்கிறது.

ஆனாலும் என் ஓட்டு அனுப்பி வைப்பதற்கே. ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ தொடரில் குற்றவாளிகளின் மனத்தைக் கணிக்கும் மூத்த நிபுணர் கிடியனாக நடித்த மாண்டி படிங்கின் 2007-இல் திடீரென விலகினார். அந்தக் கதைகளின் வன்முறை தன்னை மிகவும் பாதித்ததாகப் பின்னாளில் சொன்னார். எழுத்தாளர்கள் கிடியனின் காட்டு வீட்டில் ஒரு கடிதத்தை வைத்தார்கள். அவரைத் தந்தைபோல எண்ணிய இளைஞன் ரீட் அங்கே போய், ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறான். நடிகர் சொல்லாமல் போனதும் பாத்திரம் சொல்லாமல் போனதும் ஒன்றாகப் பொருந்திவிட்ட இடம் அது. சில ஆண்டுகள் கழித்து கிடியனையும் கொன்றுதான் விட்டார்கள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

அனுப்பி வைப்பதில் இன்னொரு வசதி, கதவு திறந்தே இருக்கும். ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரின் துப்பறிவாளர் மைக் லோகன் ஒரு அரசியல்வாதியை அறைந்ததற்காக ஸ்டேட்டன் தீவுக்கு மாற்றப்பட்டவர். பத்தாண்டுக்குப் பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொடரில் வந்து பணியில் சேர்ந்தார். நம் ஊரில் தண்டனை இடமாறுதல் வாங்கியவர்கள் அதே மாவட்டத்துக்குத் திரும்பி வருவதைப் போலத்தான்.

நான் ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு வேலை செய்தவன். புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரியைப் பழைய ஊழியர்கள் முதல் மாதம் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தொடர்களில் புதியவரை எப்படி ஏற்க வைக்கிறார்கள்? (காட்பாடி வாசகர்)

நீங்கள் சொன்ன அந்த முதல் மாதத்தையே கதையாக்கித்தான், ஐயா. பார்வையாளருக்குப் புதியவர்மேல் எரிச்சல் இருக்கும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அந்த எரிச்சலை ஒரு பழைய பாத்திரத்தின் வாயில் வைத்துவிடுவார்கள். நமக்குப் பதிலாக அவர் முறைப்பார், குத்திப் பேசுவார். பிறகு அவர் மெல்ல இறங்கி வரும்போது நாமும் இறங்கி வந்துவிடுவோம்.

இதைத் துணிச்சலாகச் செய்ததற்கு மேலே சொன்ன என்.சி.ஐ.எஸ். தொடரே சான்று. கேட் இறந்த பிறகு அவருடைய இடத்துக்கு வந்த சீவா டேவிட் யார் தெரியுமா? கேட்டைச் சுட்டவனின் சகோதரி. சக ஊழியர்கள் வெறுப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? அந்த வெறுப்பை எட்டாண்டுகளில் அன்பாக மாற்றிக்காட்டி, 2013-இல் சீவா விலகியபோது கேட் இறந்தபோது அழுததைவிட அதிகமாக ரசிகர்களை அழவைத்தார்கள். 2016-இல் சீவா இறந்துவிட்டதாகச் செய்தி சொன்னார்கள். 2019-இல் உயிரோடு வந்து நின்றார். அதை நான் மன்னித்துவிட்டேன்.

பி.பி.சி.யின் ‘டெத் இன் பாரடைஸ்’ இன்னும் நேரடியான வழியைப் பிடித்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் தொடரில், ஒரு கற்பனைக் கரீபியத் தீவுக்கு லண்டனிலிருந்து ஒரு துப்பறிவாளர் அனுப்பப்படுகிறார். முதல் நாயகனாக நடித்த பென் மில்லர் 2014-இல் விலகியபோது, அவருடைய பாத்திரம் கொலை செய்யப்பட்டது. அந்தக் கொலையை விசாரிப்பதுதான் அடுத்து வந்த கிறிஸ் மார்ஷலின் முதல் வழக்கு. முன்னவரின் கொலையாளியைக் கண்டுபிடித்துத் தந்தவரை யார் வேண்டாம் என்பார்கள்? அதற்குப் பிறகு ஆர்டல் ஓ’ஹான்லன், ரால்ஃப் லிட்டில், டான் ஜிலே என்று மூன்று பேர் மாறியும் தொடர் நடக்கிறது. இப்போது ஆள் மாறுவதையே ஒரு திருவிழாபோல் எதிர்பார்க்கிறார்கள்.

சறுக்கியவர்களும் உண்டு. குற்றத் தடய ஆய்வகத்தைப் பற்றிய ‘சி.எஸ்.ஐ.’ தொடரில், கிரிஸம் என்ற தலைமை ஆய்வாளராக நடித்த வில்லியம் பீட்டர்சன் 2009 ஜனவரியில் விலகியபோது, லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் போன்ற பெரிய நடிகரைக் கொண்டுவந்து, ஆய்வகத்தின் கடைநிலைப் பணியாளராகச் சேர்த்தார்கள். தலைமைப் பொறுப்பைப் பழையவரான கேத்தரினுக்குக் கொடுத்தது அலுவலக நியாயப்படி சரி. ஆனால் அவ்வளவு பெரிய உருவமும் குரலும் கொண்ட ஒருவர் பயிற்சியாளரைப்போலக் குனிந்து நிற்பதை என்னால் நம்ப முடியவில்லை.

நன்றாக ஓடும் தொடரை விட்டு நடிகர்கள் ஏன் போகிறார்கள்? கொழுப்பா? (அரக்கோணம் வாசகர்)

கொழுப்பைவிடக் களைப்பு அதிகம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய முறையில் ஆண்டுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்துநான்கு எபிசோட்கள் எடுப்பார்கள். ஆண்டில் ஒன்பது மாதம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு. கலிஃபோர்னியாவின் சட்டப்படி ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிவைக்க முடியாது. அதனால் புதுத் தொடருக்கு நடிகர்களிடம் ஆறேழு ஆண்டுகளுக்கு எழுதி வாங்குவார்கள். அது முடிகிற நேரத்தில்தான் சம்பளப் பேச்சு, அது முறிந்தால் விலகல். ஒரு தொடர் ஆறாம் சீசனைத் தாண்டும்போது வரிசையாக ஆட்கள் குறைவதைக் கண்டால், திருஷ்டி என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தம் முடியும் முன்பே பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதை 2004 ஜூலையில் சி.எஸ்.ஐ. காட்டியது. ஜார்ஜ் ஈட்ஸ், ஜோர்ஜா ஃபாக்ஸ் இருவரையும் நிறுவனம் வேலையைவிட்டே நீக்கி, சில நாட்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. மற்ற நடிகர்கள் அனைவருக்கும் அது ஒரு பாடமாகப் போயிருக்கும்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2010-இல் கிரிமினல் மைண்ட்ஸ் தொடரின் இரண்டு நடிகைகளான ஏ.ஜே. குக்கையும் பேஜட் புரூஸ்டரையும் நிறுவனம் விலக்கியபோது ரசிகர்கள் விட்டபாடில்லை. அடுத்த ஆண்டே இருவரும் திரும்பினார்கள். புரூஸ்டரின் பாத்திரத்தை அதற்குள் ‘இறக்க’ வைத்திருந்ததால், அது பொய்யான சாவு என்று ஒரு கதை கட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டு ‘சி.ஐ.டி.’ தொடரில் இருபது ஆண்டும் அதே மூவர் இருந்தார்களே. உங்கள் பலகைக் கணக்கு அங்கே செல்லாதே? (வாலாஜாபேட்டை வாசகர்)

செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். 1998 ஜனவரி முதல் 2018 அக்டோபர் வரை ஏ.சி.பி. பிரத்யுமனாகச் சிவாஜி சாத்தம்தான். அபிஜீத்தாக ஆதித்ய ஸ்ரீவாஸ்தவாவும், கதவை உடைக்கும் தயாவாகத் தயானந்த் ஷெட்டியும் தொடங்கிய சிறிது காலத்துக்குள் வந்து சேர்ந்து நிலைத்துவிட்டார்கள். அவர்களைச் சுற்றித்தான் ஆட்கள் வந்து போனார்கள். பின்னாளில் பெரிய திரைப்பட இயக்குநரான ஆசுதோஷ் கோவாரிக்கர்கூட ஆரம்ப காலத்தில் அந்தக் குழுவில் ஓர் ஆய்வாளர்தான்.

காரணம் எளிது என்று நினைக்கிறேன். ‘லா அண்ட் ஆர்டர்’ பார்க்கிறவர் வழக்கைப் பார்க்க வருகிறார். சி.ஐ.டி. பார்த்த நாம் வழக்கையா பார்த்தோம்? பிரத்யுமன் விரல்களைச் சுழற்றி ‘ஏதோ இடிக்கிறதே’ என்பதையும், தயா கதவை நெருங்குவதையும் பார்க்க உட்கார்ந்தோம். அந்த மூவர் நம் மனத்தில் குடும்பமாகிவிட்டார்கள். குடும்பத்துக்குக் குடியாத்தம் வாசகிக்குச் சொன்ன விதிதான். 2024 டிசம்பரில் தொடர் மீண்டும் வந்து, 2025-இல் பிரத்யுமன் இறந்ததாகக் காட்டிப் புதிய ஏ.சி.பி.யாகப் பார்த் சம்தானைக் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டிருப்பீர்கள். பிரத்யுமன் திரும்பி வந்தார். அதே குழுவின் ஃபிரெடரிக்ஸ் மட்டும் வர முடியாது. அவராக நடித்த தினேஷ் ஃபட்னிஸ் 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார்.

நாயகனே போன பிறகும் அவர் பெயரிலேயே தொடர் நடக்குமா? (ஆரணி வாசகர்)

நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைக் களமாகக் கொண்ட ‘டாகர்ட்’ தொடரில், டாகர்ட் என்ற துப்பறிவாளராக நடித்த மார்க் மெக்மேனஸ் 1994-இல் இறந்தார். தொடர் 2010 வரை நடந்தது, டாகர்ட் என்ற பெயரிலேயே, டாகர்ட் இல்லாமல். 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், பிறகு வேலூர் என்றார்கள், 2019-இல் அதையும் மூன்றாக்கினார்கள். ஆனாலும் என்னைப் போன்றவர்கள் ஊரைக் கேட்டால் வட ஆர்க்காடு என்றுதானே சொல்கிறோம்? உங்கள் ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தும் கடிதம் எங்களுக்குத்தான் வருகிறது.

பிடித்த நடிகர் போனபின் பார்க்க மனம் வரவில்லை. எத்தனை வாரம் பொறுத்துப் பார்க்கலாம்? (கல்லூரி மாணவி, வேலூர்)

ஆறு எபிசோட். புதியவருக்கென்று ஒரு வழக்கு, ஒரு தவறு, பழையவர்களோடு ஒரு சண்டை, இவை மூன்றும் அதற்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எழுதுகிறவர்களுக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள், நீங்கள் எழுந்துவிடலாம்.

இந்த அறிவுரையை நானே கடைப்பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்துவாச்சாரி வீட்டில் இரவு வெகுநேரம் ஏ.எக்ஸ்.என். சானலில் சி.எஸ்.ஐ. பார்த்தவன் நான். பூச்சிகளை வளர்த்துக்கொண்டு, மனிதர்களைவிடத் தடயங்களோடு இயல்பாகப் பேசும் கிரிஸம் விலகியபின், மூன்றாவது வாரமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். 2015-இல் இறுதி எபிசோடுக்குப் பீட்டர்சன் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்தேன். கிரிஸம் படகில் ஏறிப் போவதைக் கண் கலங்கப் பார்த்தேன். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் அந்த ஆய்வகத்தில் மாடாய் உழைத்தவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியவில்லை.